ரெட்மி ஏ4 5ஜியா, கேலக்ஸி ஏ06 5ஜியா? பட்ஜெட் போன் இரண்டை ஒப்பிட்டு ஒன்றை எடுக்க முழுமையான வழிகாட்டி

பத்தாயிரம் ரூபாயை ஒட்டி போன் தேடுகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஓர் அட்டவணை. இடது பக்கம் ஒரு போன், வலது பக்கம் இன்னொன்று, நடுவில் முப்பது வரிகள். படித்து முடித்தால் ஒன்றில் திரை பெரிது, மற்றதில் சார்ஜிங் வேகம் என்று தெரியும். எதை வாங்குவது என்பது மட்டும் தெரியாது. அந்த முப்பது வரிகளில் உங்களுக்கு உண்மையாகவே வித்தியாசம் தரப்போவது நான்கைந்துதான். அவற்றைப் பிடிப்பது எப்படி என்று இரண்டு நிஜ போன்களை வைத்தே பார்த்துவிடலாம்.

ஒன்று, ஷாவ்மியின் ரெட்மி ஏ4 5ஜி. 2024 நவம்பரில் இந்தியாவில் வெளிவந்தது. இன்னொன்று, சாம்சங் கேலக்ஸி ஏ06 5ஜி. 2025 பிப்ரவரியில் வந்தது. இரண்டிலும் 4 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ் உள்ள மாடலை எடுத்துக்கொள்வோம். அறிமுக விலை ரெட்மிக்கு 9,499 ரூபாய், சாம்சங்குக்கு 11,499 ரூபாய். கடை விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் அறிமுக விலையை வைத்தே கணக்குப் போடுகிறேன். நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் வேறு இரண்டு போன் இருந்தாலும் பார்க்கும் வரிசை இதேதான்.

1. போனைப் பார்க்கும் முன் ஆளைப் பாருங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள். போன் யாருக்கு? அவர் எந்த நெட்வொர்க் சிம் வைத்திருக்கிறார்? எத்தனை வருஷம் ஓட்டப்போகிறார்?

"எல்லாத்துக்கும்தான்" என்பது பதில் ஆகாது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால், யூடியூப், கேஸ் புக்கிங். உணவு டெலிவரி செய்யும் தம்பிக்கு நாள் முழுக்க வெயிலில் மேப், மழையில் கால். கல்லூரிப் பிள்ளைக்கு ரீல்ஸ், நோட்ஸ் பிடிஎஃப், கொஞ்சம் கேம். இந்த மூவருக்கும் ஒரே போன் சரிவராது.

இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலானவர்கள் எழுதவே மாட்டார்கள். இந்த ஜோடியில் விடையே அங்கேதான் இருக்கிறது.

2. சிம் கார்டிலிருந்து தொடங்குங்கள்

இரண்டு போனின் பெயரிலும் 5ஜி இருக்கிறது. ஆனால் அந்த 5ஜி ஒன்றல்ல.

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியபோது ஜியோவும் ஏர்டெலும் வேறு வேறு பாதையில் போயின. ஜியோ 4ஜியைச் சார்ந்திருக்காத, தனித்து இயங்கும் 5ஜி கட்டமைப்பைப் போட்டது, இதற்கு எஸ்.ஏ. என்று பெயர். ஏர்டெல் ஏற்கெனவே இருந்த 4ஜி கட்டமைப்பின் மேலேயே 5ஜியை ஏற்றியது, இது என்.எஸ்.ஏ. முறை. சந்தையில் இருக்கும் பெரும்பாலான 5ஜி போன்கள் இரண்டு முறையிலும் வேலை செய்யும். சாம்சங் ஏ06இல் உள்ள மீடியாடெக் டைமென்சிட்டி 6300 சிப்பும் அப்படித்தான்.

ரெட்மி ஏ4இல் இருப்பது குவால்காமின் ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2. மலிவு 5ஜி போனுக்கென்றே 2024இல் அறிவிக்கப்பட்ட சிப் இது. விலையைக் குறைக்க எதையாவது வெட்ட வேண்டும் அல்லவா? இங்கே வெட்டுப்பட்டது என்.எஸ்.ஏ. முறை. எஸ்.ஏ. முறையிலான 5ஜி மட்டும்தான் இதில் எடுக்கும்.

அதனால் ரெட்மி ஏ4இல் ஜியோ சிம் போட்டால் 5ஜி வரும். ஏர்டெல் சிம் போட்டால், ஏர்டெல் என்.எஸ்.ஏ. ஓட்டும் இடங்களில் போன் 4ஜியிலேயே நிற்கும். பேசலாம், வாட்ஸ்அப் ஓடும், ஜிபே ஓடும். அதிலெல்லாம் குறை இல்லை. நஷ்டம் டேட்டாவில்தான். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் பிளான்களோடுதான் அளவில்லா 5ஜி டேட்டா கிடைக்கிறது. அந்த பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு 4ஜியில் நின்றால், 2 ஜிபி தீர்ந்ததும் வேகம் படுத்துவிடும். ஏர்டெலும் எஸ்.ஏ. பக்கம் மெதுவாக நகர்கிறதே என்று கேட்கலாம். உங்கள் தெருவுக்கு எப்போது வருமோ வரட்டும், வரப்போவதை நம்பி இன்று பணத்தைப் போடாதீர்கள்.

வேறு எந்த 5ஜி போனை எடுத்தாலும் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஸ்பெசிபிகேஷன் பகுதிக்குப் போய் 'நெட்வொர்க்' வரிகளை முழுசாகப் படியுங்கள். எஸ்.ஏ., என்.எஸ்.ஏ. இரண்டும் எழுதியிருக்கிறதா? பேண்டு (அலைவரிசை) பட்டியலில் என்28, என்78 இரண்டும் இருக்கிறதா? ஜியோவின் 5ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் (அதுதான் என்28) 3.3 கிகாஹெர்ட்ஸிலும் (என்78) ஓடுகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும். கான்கிரீட் வீட்டின் பின் அறையில் 5ஜி எடுக்குமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த ஒரு பேண்டுதான்.

எந்த நெட்வொர்க்காக இருந்தாலும் உங்கள் ஊரில் இன்னும் 5ஜியே வரவில்லை என்றால் இந்தப் படியை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

3. ஒரே மாதிரி இருப்பதை அடித்துவிடுங்கள்

இப்போது அட்டவணையை எடுத்து, இரண்டிலும் ஒன்றாக இருக்கும் வரிகளைப் பேனாவால் கோடு போட்டு அழியுங்கள். 50 மெகாபிக்சல் பின் கேமரா: இரண்டிலும் உண்டு. பக்கவாட்டு கைரேகை சென்சார், 3.5 மிமீ ஹெட்போன் துளை, மெமரி கார்டு வசதி, டைப்-சி: எல்லாம் உண்டு. திரை 720 பிக்சல் அகலமுள்ள எச்டி பிளஸ் எல்சிடி, அதுவும் இரண்டிலும். பேட்டரி ரெட்மியில் 5,160 எம்ஏஎச், சாம்சங்கில் 5,000. மூன்று சதவீத வித்தியாசம், அதையும் அடியுங்கள்.

மெமரி கார்டில் மட்டும் ஒரு சின்ன வேலை பாக்கி. கடையில் டெமோ போனின் சிம் ட்ரேயை வெளியே எடுக்கச் சொல்லி எத்தனை பள்ளம் இருக்கிறது என்று பாருங்கள். மூன்று இருந்தால் இரண்டு சிம், ஒரு கார்டு. இரண்டுதான் இருந்தால் இரண்டாவது சிம்மா, கார்டா என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

4. பிராசசர், ரேம், ஸ்டோரேஜ்

பிராசசரில் இங்கே சண்டை போட அதிகம் இல்லை. ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2இல் கார்டெக்ஸ் ஏ78 என்ற பெரிய கோர் இரண்டு, 2 கிகாஹெர்ட்ஸில். டைமென்சிட்டி 6300இல் அதைவிட இரண்டு தலைமுறை பழைய ஏ76 கோர் இரண்டு, ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில். ஒன்று புதுசு, ஒன்று வேகமாகச் சுற்றுகிறது. சிப் தயாரிப்பு அளவில் ஸ்னாப்டிராகன் 4 நானோமீட்டர், டைமென்சிட்டி 6 நானோமீட்டர்; அளவு சின்னதானால் மின்சாரம் குறைவாகச் செலவாகும். காகிதத்தில் ரெட்மிக்கு மின்சிக்கனம் கொஞ்சம் கூடுதல். கையில் வைத்து வாட்ஸ்அப்பும் யூடியூபும் ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. பெரிய கேம் ஆட வேண்டும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு பட்ஜெட்டை ஏற்றுங்கள்.

கையைக் கட்டிப்போடப்போவது 4 ஜிபி ரேம்தான். பேங்க் ஆப் திறந்திருக்கும்போது ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால், ஆப் முதலிலிருந்து லோட் ஆகி மறுபடி பின் கேட்கும். இது இந்த விலைப் போன்களின் பொது வியாதி. விளம்பரத்தில் "8 ஜிபி வரை ரேம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் 4 ஜிபி, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கி ரேம் மாதிரி நடிக்க வைப்பது. ஸ்டோரேஜ் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. வாங்கும்போது '4 ஜிபி + 4 ஜிபி' என்று எழுதியிருந்தால் பிளஸ் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் படியுங்கள். சாம்சங்கில் 6 ஜிபி ரேம், 128 ஜிபி மாடலும் உண்டு. அறிமுக விலை 12,999. ஐந்து வருஷம் ஓட்ட நினைப்பவர் அந்த 1,500 ரூபாயைக் கூடுதலாகப் போடலாம்.

ஸ்டோரேஜைப் பொறுத்தவரை 64 ஜிபி மாடலைத் தொடாதீர்கள். இரண்டு கம்பெனியிலும் 64க்கும் 128க்கும் இடையே ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். சிஸ்டமே ஒரு பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் ஒரே வருஷத்தில் நிரப்பிவிடும். மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்றால், போட்டோவைக் கார்டுக்கு நகர்த்தலாம், ஆப்களை நகர்த்துவது தலைவலி. 'யுஎஃப்எஸ்' என்று எழுதியிருக்கிறதா, 'ஈஎம்எம்சி' என்றா என்பதையும் பாருங்கள். முன்னது வேகமான ரகம். ரெட்மி ஏ4இல் இருப்பது யுஎஃப்எஸ் 2.2. ஆப் அப்டேட் ஓடும்போது போன் திணறுகிறதா இல்லையா என்பதில் இந்த வித்தியாசம் தெரியும்.

5. திரையைக் கடை வாசலில் பாருங்கள்

ரெட்மியில் 6.88 அங்குலம், 120 ஹெர்ட்ஸ். சாம்சங்கில் 6.7 அங்குலம், 90 ஹெர்ட்ஸ். ஒரே எச்டி பிளஸ் பிக்சல்களைப் பெரிய திரையில் பரப்புவதால் எழுத்தின் கூர்மை இரண்டிலும் அங்குலத்துக்கு 260 பிக்சலை ஒட்டித்தான். தமிழ் எழுத்துகளின் சுழி, கொம்பு ஓரங்களில் லேசான பிசிறு தெரியும். சோதிக்க ஒரு நல்ல வழி: பிரவுசரில் ஏதாவது தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து 'ணை', 'ஞ', 'கூ' வரும் வரிகளைச் சின்ன எழுத்தில் படித்துப் பாருங்கள். கண் உறுத்தினால் எச்டி பிளஸ் உங்களுக்கு ஒத்துவராது; முழு எச்டி பிளஸ் திரையுள்ள வேறு மாடலைத் தேடுங்கள்.

120 ஹெர்ட்ஸ் என்றால் திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும்; ஸ்க்ரோல் செய்யும்போது வழுக்கிக்கொண்டு போகும் சுகம் அது. 60 ஹெர்ட்ஸ் போனிலிருந்து வருபவருக்கு 90உம் நன்றாகவே தெரியும். 90க்கும் 120க்கும் உள்ள தூரம் பாதிப் பேருக்குத் தெரியாது. இதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாத் திரையும் பளபளக்கும். கடைக்காரரிடம் கேட்டு டெமோ போனை வாசல் வரை எடுத்துப் போய், பிரகாசத்தை முழுசாக ஏற்றி, வெயிலில் மேப்பைத் திறந்து பாருங்கள். தெருப் பெயர் படிக்க முடிகிறதா? வண்டியில் போகிறவருக்கு வேண்டியது இந்தச் சோதனைதான்.

அப்புறம் கை. ரெட்மி பெரிய போன், எடையும் 200 கிராமுக்கு மேல். சட்டைப் பையில் வைத்துக் குனிந்து பாருங்கள். வயதானவர்களுக்குப் பெரிய திரை பிடிக்கும், ஆனால் ஒரு கையில் பிடித்து டைப் செய்வது சிரமம். வாங்கப்போகிற ஆளையே கூட்டிக்கொண்டு போவது நல்லது.

6. கேமரா

50 மெகாபிக்சல் என்றால் 50 மெகாபிக்சல் படம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். வழக்கமான மோடில் நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கும். அது நல்லதுதான், இருட்டில் படம் தேறும். பின்னால் தெரியும் இரண்டாவது வட்டத்தை இரண்டு போனிலும் கணக்கில் சேர்க்காதீர்கள். சாம்சங்கில் அது பின்னணியை மங்கலாக்க தூரம் அளக்கும் 2 மெகாபிக்சல் டெப்த் சென்சார், ரெட்மியில் பெயருக்கு ஒரு துணை லென்ஸ்.

செல்பி கேமராவில் வித்தியாசம் உண்டு: சாம்சங்கில் 8 மெகாபிக்சல், ரெட்மியில் 5. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு தினம் வீடியோ காலில் பேசுகிற வீடு என்றால் இது ஒரு புள்ளி சாம்சங்குக்கு.

கடையில் கவுண்டர் மேல் கிடக்கும் ஒரு பில்லைப் படம் எடுங்கள், பெரிதாக்கி ஜிஎஸ்டி எண்ணைப் படியுங்கள். பிறகு அந்த பில்லைக் கையில் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே, இன்னொருவரை அதைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பள்ளி நோட்டீஸ் என்று நாம் எடுக்கும் படங்களில் பாதி எழுத்துதான். அது தெளிவாக விழுந்தால் போதும்.

7. பெட்டிக்குள் என்ன இல்லை?

விலைப்பட்டியலில் வராத செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ரெட்மி ஏ4 பெட்டியில் 33 வாட் சார்ஜர் வருகிறது. போன் எடுத்துக்கொள்வது 18 வாட்தான், அது வேறு விஷயம். சாம்சங் 25 வாட் வேகத்தில் ஏறும், ஆனால் பெட்டியில் கேபிள் மட்டும், அடாப்டர் கிடையாது. நல்ல அடாப்டருக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். வாங்கும்போது 25 வாட், 'பிடி', 'பிபிஎஸ்' (வேக சார்ஜிங் முறைகளின் பெயர்கள்) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் இருநூறு ரூபாய்க்கும் அடாப்டர் கிடைக்கும். கம்பெனி பெயர் அச்சாகியிருப்பதை நம்பி அதை வாங்கிச் செருகாதீர்கள்.

கணக்கைப் போடுவோம். ரெட்மி 9,499. சாம்சங் 11,499 கூட ஆயிரம், சுமார் 12,500. கவர், டெம்பர்டு கிளாஸ் இரண்டுக்கும் ஒரே செலவு, விட்டுவிடலாம். ஆக, இரண்டாயிரம் என்று நினைத்த வித்தியாசம் மூவாயிரம். வீட்டில் பழைய சாம்சங்கின் 25 வாட் அடாப்டர் இருந்தால் மறுபடி இரண்டாயிரம்.

8. அப்டேட், மழை, சர்வீஸ் சென்டர்

ரெட்மி ஏ4 ஆண்ட்ராய்டு 14உடன் வந்தது. இரண்டு ஆண்ட்ராய்டு அப்டேட், நான்கு வருஷம் பாதுகாப்பு அப்டேட் என்பது வாக்குறுதி. சாம்சங் ஏ06 ஆண்ட்ராய்டு 15உடன் வந்தது. நான்கு ஆண்ட்ராய்டு அப்டேட், நான்கு வருஷம் பாதுகாப்பு அப்டேட். இந்த வருஷக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஒரு வருஷம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் அந்த ஒரு வருஷம் போய்விட்டது.

ஆண்ட்ராய்டு எண்ணைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. 2025 தொடக்கத்தில்தான் வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டு 4.4ஐக் கைவிட்டது, அப்போதும் 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 அதற்குப் போதுமாக இருந்தது. பணம் புழங்கும் போனுக்கு முக்கியம் பாதுகாப்பு அப்டேட்தான், அதில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஐந்தாவது வருஷமும் ஓட்டுவேன் என்பவருக்கு மட்டும் சாம்சங்கின் கூடுதல் ஆண்ட்ராய்டு அப்டேட்கள் பலன் தரும்.

மழைக்கு: ரெட்மி ஐபி52, சாம்சங் ஐபி54. ஐபி என்பது தூசும் தண்ணீரும் புகாமல் காக்கும் தரக் குறியீடு. முதல் எண் தூசு, இரண்டிலும் ஒன்றே. இரண்டாவது எண்ணில் 2 என்றால் மேலிருந்து சொட்டும் துளியைத் தாங்கும். 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். ஐப்பசி மழையில் வண்டியில் மேப் பார்த்துக்கொண்டே போகிறவருக்கு இது வெறும் எண் இல்லை. வாளித் தண்ணீரில் விழுந்தால் இரண்டுமே உத்தரவாதம் இல்லை, வாரண்டியும் வராது.

சர்வீஸ் சென்டரை இணையத்தில் உங்கள் பின்கோடு போட்டுத் தேடுங்கள். மாவட்டத் தலைநகரில் இரண்டு கம்பெனிக்கும் கிடைத்துவிடும். சின்ன ஊர்க்காரர்கள் பஸ் தூரத்தைப் பாருங்கள். திரை உடைந்தால் மாற்ற எவ்வளவு என்று போன் வாங்கும் முன்பே சென்டருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. சரி, எது?

ஏர்டெல் சிம், ஊரில் 5ஜி உண்டு, டேட்டா நிறைய ஓடும்: சாம்சங். யோசிக்க ஒன்றும் இல்லை.

ஜியோ சிம், பட்ஜெட் பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது: ரெட்மி. மிச்சமாகும் மூவாயிரம் ஒரு வருஷ ரீசார்ஜின் பெரும்பகுதியை அடைக்கும்.

டெலிவரி வேலை, வெயில், மழை: எந்த சிம்மாக இருந்தாலும் சாம்சங். ஐபி54உம் 25 வாட் சார்ஜிங்கும் அங்கே உதவும். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி செருகினால் மாலை வரை ஓட வேண்டுமே.

ஊரில் 4ஜி மட்டும், அப்பா அம்மாவுக்கு யூடியூபும் போன் பேச்சும்: ரெட்மி. பெரிய திரை, பெட்டியிலேயே சார்ஜர். செல்பி கேமரா மட்டும் சுமார்.

இரண்டு சிம்மும் வேறு வேறு நெட்வொர்க் என்றால் டேட்டா எதில் ஓடுகிறதோ அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

10. காசு கொடுக்கும்போது

கிரெடிட் கார்டில் எடுக்கும் 'நோ காஸ்ட் இஎம்ஐ' முழு இலவசம் இல்லை. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள், ஆனால் அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் வங்கியின் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில். 12,000 ரூபாயை 15 சதவீத வட்டியில் ஆறு மாதம் கட்டினால் வட்டி ஐந்நூறு ரூபாயை ஒட்டி, அதற்கு ஜிஎஸ்டி தொண்ணூறு சொச்சம். பிராசசிங் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி. எல்லாம் சேர்ந்து முந்நூறைத் தாண்டும். மொத்தமாகக் கொடுத்தால் உடனடித் தள்ளுபடி உண்டா என்று கேட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

பில்லில் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, *#06# அழுத்தி வரும் எண்ணும் பெட்டி எண்ணும் பில் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கேஒய்எம் என்று ஆங்கில எழுத்தில் போட்டு, இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணை எழுதி 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எந்தப் போனுக்குரிய எண் என்று பதில் வரும். பில்லைப் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். தொலைந்தால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்க ஐஎம்இஐ எண் தேவைப்படும்.

முதல் நாளே லாக் ஸ்க்ரீனில் வரும் செய்திப் படங்களையும் ஆப் பரிந்துரைகளையும் செட்டிங்ஸில் போய் நிறுத்துங்கள். இந்த விலையில் விளம்பரமும் சேர்ந்தே வரும். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் இரண்டு சிம் இடத்திலும் கால், வீட்டின் உள் அறையில் சிக்னல், மைக், ஸ்பீக்கர் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

பழைய போனை உடனே ரீசெட் செய்ய வேண்டாம். வாட்ஸ்அப் பேக்கப் புதிய போனில் இறங்கிய பிறகு, பேங்க் ஆப்பும் யுபிஐ ஆப்பும் பதிவாகும் வரை காத்திருங்கள். யுபிஐ பதிவுக்குப் புதிய போனில் இருக்கும் சிம்மிலிருந்தே ஓர் எஸ்எம்எஸ் போக வேண்டும். ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மாக இருந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். முதலில் ரீசார்ஜைப் போட்டுவிட்டு ஆப்பைத் திறவுங்கள்.